இரண்டு ஊரும் ஒரு ‘உம்’மும்

இந்த ஒரு விஷயத்திலாவது தன் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று தராசு முடிவு செய்தபோது அவர் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது. அதனால் அந்த மாபெரும் தீர்மானத்தை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சமையலறையில் மனைவி இருந்தாள். சொல்லாததே நல்லதாகப் போயிற்று.

தராசு என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாக ஏறி இறங்குவார். தட்டின் அடியில் மெழுகு ஒட்டியிருக்கிறதா, எடைக்கல்லைக் குடைந்திருக்கிறார்களா என்பதையெல்லாம் விரலால் தடவியே சொல்லிவிடுவார். பதினெட்டு வருஷ சர்வீஸில் ஒரு கடைக்காரராலும் அவரை ஏமாற்ற முடிந்ததில்லை. வீட்டில் அவர் ஏமாறாத நாளே இல்லை என்பது உண்மைதான், ஆனால் அது சர்வீஸ் ரெக்கார்டில் ஏறாது.

விஷயம் இதுதான். அவருக்கு மூன்று வருஷத்துக்கு மாற்றல். கடற்கரை நகரமா, மலை நகரமா, எது வேண்டும் என்று திங்கட்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும். எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான், மாற்ற முடியாது.

கடற்கரை நகரம் என்று படித்ததுமே அவருக்கு வியர்த்துவிட்டது. அங்கேதான் மச்சான் இருந்தார். மனைவியின் அண்ணன், போலீஸ் இன்ஸ்பெக்டர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தரம் அவர் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தபோது, விடிகிற நேரத்தில் போர்வையை உருவி எழுப்பி மைதானத்தை ஆறு சுற்று ஓட வைத்தார். “ஓடுங்க மாப்பிள்ளை, தொப்பை உங்களைத் துரத்துதுன்னு நினைச்சுக்குங்க” என்றார். தொப்பை முன்னாலல்லவா போகிறது, அது எப்படித் துரத்தும் என்று கேட்கத் தராசுக்கு மூச்சு இல்லை. டாக்டர் இனிப்பு கூடாது என்று சொல்லியிருந்ததால் தராசு குடைக்குள் மிட்டாய் ஒளித்து வைத்திருந்தார். மச்சான் குடையை ஒரே ஒரு தரம் தலைகீழாகப் பிடித்து உதறினார். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

அன்றிலிருந்து தராசு ஒரு உபாயம் கண்டுபிடித்து வைத்திருந்தார். மனைவி “எங்க அண்ணன்” என்று ஆரம்பித்தால் காது தானாக அடைத்துக்கொள்ளும். வாய் மட்டும் சரியான இடைவெளியில் ‘உம்’ கொட்டும். எந்தப் பழுதும் இல்லாமல் வேலை செய்துவந்த ஏற்பாடு அது.

அப்படிப்பட்ட மச்சானின் ஊரில் மூன்று வருஷமா? மலை நகரம்தான் என்று தராசு தீர்மானித்தார். ஆனால் மச்சானுக்குப் பயந்து என்று சொல்ல முடியுமா? அதற்குத்தான் சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, பெரிய காகிதத்தில் கட்டம் போட்டு, இரண்டு ஊருக்கும் மார்க் போட ஏற்பாடு செய்தார். காற்று, தண்ணீர், பஸ், வீடு, ஆஸ்பத்திரி, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். பாதுகாப்புக்கு மட்டும் ஐம்பது. கடைக்காரர்களிடம் தினமும் பிடிக்கிற மெழுகைத் தன் கட்டத்தின் அடியிலேயே ஒட்டினார் மனுஷர்.

ஆதாரமும் கிடைத்தது. நாலாக மடித்துக் கிடந்த அன்றைய பேப்பரின் மூலையில், எந்த ஊரில் எத்தனை திருட்டு என்று ஒரு பெட்டிச் செய்தி. எண்களைக் கண்டால் எழுத்து கண்ணில் படாத ஆள் அவர். மடிப்பைப் பிரிக்காமல், தையல் மெஷின் மேலிருந்த கத்தரியை எடுத்து, மேல் தாளைத் தூக்கிப் பிடித்துப் பெட்டியை மட்டும் வெட்டிக்கொண்டு மிச்சத்தைக் குப்பைக்கூடையில் போட்டார்.

மெஷின் மனைவியுடையது. முன்னறையில் தையல் வேலை. தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். கணவனை எப்போதோ அளவெடுத்து முடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டம் விரிக்கப்பட்டது.

“என்னங்க இது, பாய் மாதிரி?”

“ரெண்டு ஊரையும் நிறுத்துப் பாக்கப் போறோம். உணர்ச்சிவசப்பட்டு முடிவெடுக்கக் கூடாது பாரு.”

“இதுல உணர்ச்சிவசப்பட என்ன இருக்கு? எனக்குக் கடல் பிடிக்கும். அவ்வளவுதான்.”

எதிர்பார்த்ததுதான். தராசு பென்சிலைக் கூர் பார்த்துக்கொண்டார்.

“முதல்ல காத்து. கடல் ஊருக்கு எவ்வளவு போடலாம்?”

“பத்துக்குப் பத்து.”

“உப்புக் காத்து. உன் மெஷின் துருப்பிடிச்சுப் போகும். மூணு.”

“மெஷினா?” அவள் மெஷினின் சக்கரத்தைத் தடவிக்கொண்டாள். “சரி, மூணே இருக்கட்டும். ஆனா மலை ஊர்ல குளிருமே.”

“குளிர்ந்தா ஸ்வெட்டர் போட்டுக்கலாம். வேர்த்தா தோலையா கழட்ட முடியும்? ஒன்பது.”

“அங்க பஸ் ஒரு நாளைக்கு நாலுதானாமே.”

“நடக்கலாம். உடம்புக்கு நல்லது.”

தெருமுனைக் கடைக்குக்கூட ரிக்‌ஷா தேடுகிறவர் வாயிலிருந்து இது வந்ததும், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“நீங்களா சொல்றீங்க?”

“நான்தான் சொல்றேன்.”

“அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?”

“வேணும்னா எழுதியே தர்றேன்.” காகிதத்தின் ஓரத்தில் ‘தினமும் நடை’ என்று எழுதினார். நடைக்கு எட்டு மார்க்கும் போட்டுக்கொண்டார்.

தண்ணீர், வீடு, ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் கடல் தோற்றது. அவள் கடலுக்காக ஏதாவது சொல்வாள், இவர் வெட்டுவார், அவள் “அதுவும் சரிதான்” என்பாள். இவ்வளவு சுலபமாக இந்த வீட்டில் எதுவும் நடந்ததில்லையே என்று ஒரு கடைக்காரராக இருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஜெயிக்கிறவனுக்கு எங்கே சந்தேகம் வரப்போகிறது?

“இப்பதான் முக்கியமான விஷயம். பாதுகாப்பு. அம்பது மார்க்.”

“இதுக்கு மட்டும் ஏன் அம்பது?”

“உசிரும் உடைமையும் விளையாட்டா? கடல் ஊர்ல இந்த வருஷம் நானூத்திச் சொச்சம் திருட்டு. மலை ஊர்ல பதினொண்ணு. பதினொண்ணும் சைக்கிள். அதுல ரெண்டு, சொந்தக்காரங்களே எங்கியோ நிறுத்திட்டு மறந்தது.”

“அங்க திருடங்களே கிடையாதா?”

“இருந்திருக்காங்க. எட்டு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்காங்க. அப்புறம் ஓடிட்டாங்க.”

“ஏன் ஓடினாங்களாம்?”

தராசு கட்டத்தில் ஒட்டியிருந்த பெட்டிச் செய்தியைத் துழாவினார். காரணம் அதில் இல்லை. “குளிரு.”

“திருடனுக்குக் குளிர் ஆகாதா?”

“கை விறைச்சுப் போனா ஜன்னல் கம்பியை எப்படி வளைப்பான்?”

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். சிரிப்பை அடக்க அதைவிட நல்ல வழி இல்லை என்பது தையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தராசுக்குத் தெரியாது.

“இருந்தாலும், புது ஊர்ல தெரிஞ்சவங்க இல்லைன்னா பயமா இருக்காதா?”

தெரிஞ்சவங்க இல்லாததுதான் பாதுகாப்பே என்று நாக்கு நுனி வரை வந்ததைத் தராசு விழுங்கினார். “அவ்வளவு பத்திரமான ஊர்ல தெரிஞ்சவங்க எதுக்கு?”

கூட்டிப் பார்த்ததில் மலைக்குத் தொண்ணூற்றொன்று, கடலுக்கு இருபத்துநாலு. மனைவி பெருமூச்சு விட்டாள்.

“கணக்குன்னு வந்துட்டா நான் என்ன பேச முடியும்? உங்க இஷ்டம். ஆனா நான்தான் உங்களை அங்க இழுத்துட்டுப் போனேன்னு பின்னாடி சொல்லக் கூடாது.”

“சத்தியமா சொல்ல மாட்டேன்.”

“அதையும் ஓரத்துல எழுதிடுங்க.”

எழுதினார். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். முத்திரை ஆபீஸில் இருந்ததால் குத்த முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் மலை நகரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். குடைக்குள் கால் கிலோ மிட்டாய். சரியான எடை, அவரே நின்று நிறுக்க வைத்தது.

மனைவி கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எழுதிக் கொடுத்தாச்சா?”

“கொடுத்தாச்சு.”

“இனிமே மாத்த முடியாதே?”

“மேலதிகாரியே நினைச்சாலும் முடியாது.”

“நல்லது. என் கத்தரி ஏன் மழுங்கிப் போச்சு?”

“மழுங்கிப் போச்சா?”

“துணி வெட்டுற கத்தரியால பேப்பரை வெட்டினா மழுங்காம என்ன செய்யும்? சனிக்கிழமையே பாத்துட்டேன். யாருடா வெட்டினதுன்னு கூடையைக் கிளறினா, இது கிடந்துச்சு. வெட்டினதுதான் வெட்டினீங்க, முழுசா வெட்டியிருக்கலாம்.”

ஊசி டப்பாவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். ஒரு மூலை இல்லாத செய்தித்தாள். தராசின் கட்டத்தில் ஒட்டியிருந்த பெட்டிச் செய்தி அந்த மூலைக்கு அச்சாகப் பொருந்தியது. மடிப்புக்கு அந்தப் பக்கம் கொட்டை எழுத்தில், ‘மலை நகரம்: எட்டே மாதத்தில் திருடர்களை ஓட ஓட விரட்டிய இன்ஸ்பெக்டர்.’ அதற்குக் கீழே படம். படத்தில் மீசை. மீசைக்குப் பின்னால் மச்சான்.

தராசு மீசையை விரலால் தடவிப் பார்த்தார்.

“இவரு கடல் ஊர்லல்ல இருக்காரு?”

“இருந்தாரு. எட்டு மாசத்துக்கு முன்னாடி மாத்திட்டாங்க.”

“என்கிட்ட நீ சொல்லவே இல்லையே?”

“ஏன் சொல்லலை? எங்க அண்ணனை மலை ஊருக்கு மாத்திட்டாங்கன்னு சொன்னேன். ‘உம்’னீங்க. வீடு பிடிச்சாச்சுன்னு சொன்னேன். ‘உம்’னீங்க. நமக்கு மாத்தல் வந்தா அங்கேயே வந்துடச் சொல்றாரு, வந்துடலாமான்னு போன மாசம் கேட்டேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“‘உம்’னீங்க.”

தராசுக்குத் தன் வாய் மேலேயே கோபம் வந்தது. “அப்ப நேத்தெல்லாம் கடல் கடல்னு உருகினியே, அது என்ன?”

“எனக்குக் கடல் பிடிக்கும்ங்க. பிடிக்கும்னுதான் சொன்னேன். போகணும்னு சொன்னேனா? மலைக்குப் போகணும்னு நான் வாயைத் திறந்திருந்தா, நீங்க அந்தக் கட்டத்தை அப்படியே திருப்பிப் போட்டிருப்பீங்க.”

அதற்குள் போன் மணி அடித்தது. எடுத்தார்.

“மாப்பிள்ளை, தங்கச்சி சொல்லிச்சு. தினமும் நடக்கப் போறீங்களாமே, எழுதியே குடுத்திருக்கீங்களாமே. நடை என்ன நடை, ஓடுவோம். இங்க ஏத்தமும் இறக்கமுமா நல்ல ரோடு. அப்புறம், வரும்போது குடை எடுத்துட்டு வர வேணாம். என்கிட்ட இருக்கு.”

போனை வைத்துவிட்டுத் தராசு குடையைப் பார்த்தார். மனைவியும் குடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் இருக்குற வீட்டு மாடி காலியா இருக்காம். எனக்காகச் சொல்லி வெச்சிருக்காரு” என்றாள்.

தராசின் மனத்தில் கடைசியாக ஒரு சின்ன ஆசை தலைதூக்கியது. “மாடின்னா தனி வாசல்தானே? அங்க நீயும் நானும் மட்டும்தானே இருப்போம்?”

“ஒரே வாசல்தான். காலையில சாப்பாட்டு மேஜையும் ஒண்ணுதான்.” அவள் நாடாவை எடுத்துப் புது வீட்டுத் திரைச்சீலைக்குத் துணி அளக்க ஆரம்பித்தாள். “நீங்க, நான், எங்க அண்ணன்...”

எட்டு வருஷப் பழக்கம். காது அடைத்துக்கொண்டது, வாய் தன் வேலையைச் செய்தது.

“உம்” என்றார் தராசு.

“அதேதாங்க,” என்றாள் மனைவி. “அண்ணனும்.”