தாடிக்காரரின் அறுபத்தோரு ஆல்பங்கள்

தட்டு சுழன்றது. ஆனால் கோடு நிற்கவில்லை.

மெக்கானிக் மேசைவிளக்கை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தான். சுழலும் தட்டின்மேல் அவன் வைத்திருந்த வட்ட அட்டையின் விளிம்பு முழுக்கக் கறுப்புக் கோடுகள். வேகம் சரியாக இருந்தால் விளக்கு வெளிச்சத்தில் அவை அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். இவையோ மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன, எதையோ மறந்து வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்களைப்போல.

அறுந்த பெல்ட்டை மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. மாற்றியாயிற்று. அதோடு மூடிக் கொடுத்திருந்தால் அவன் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பான்.

ஆனால் இந்த ரெக்கார்டு பிளேயர் கண்ணாடிக்கடைக்காரருடையது. கண்ணாடிக்கடைக்காரரின் ஒரே மகளைத்தான் மெக்கானிக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்திருந்தான். அவர் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான்: தாடிக்காரரை ரசிக்கத் தெரிய வேண்டும்.

தாடிக்காரர் ஒரு ராக் இசையமைப்பாளர். வருடத்துக்கு இரண்டு வீதம் இதுவரை அறுபத்தோரு ஆல்பம். தும்மினால்கூட அதைப் பதிவு செய்து வெளியிட்டுவிடுவார் என்று பேச்சு. மேதை என்று பாதிப் பேர், இரைச்சல் என்று மீதிப் பேர். மெக்கானிக் அந்த மீதியைச் சேர்ந்தவன். அதை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

முந்தின நாள் அவள் போனில் பாடம் நடத்தியிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்ற. அப்பா கூடவே உக்காந்து கேக்கற. 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொல்லித் தொலைச்சிடாத."

"ஏன்?"

"அது பத்தாது. கண்ண மூடிக்கிட்டு 'ம்ம்'னு சொல்லு."

"தூங்கிட்டேன்னு நெனச்சுக்க மாட்டாரா?"

"தூங்கினா இன்னும் நல்லது. நானே அதைக் கேட்டுத் தூங்கி வளர்ந்தவதான்."

மெக்கானிக்குக் குழப்பமாக இருந்தது. தாடிக்காரர் பாட்டைக் கேட்டுக்கொண்டு தூங்குவதும் தண்டவாளத்தில் தலைவைத்துத் தூங்குவதும் ஒன்றுதான் என்பது அவன் கட்சி.

இப்போது பிளேயரைக் கவிழ்த்துப் பார்த்தான். அடிப்பக்கத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகாணி. அது நகராமலிருக்க அதன் தலையில் கருஞ்சிவப்பாக ஒரு சொட்டு. ஓ, கம்பெனியிலேயே தப்பாகத் திருகி முத்திரையும் வைத்துவிட்டார்கள்! வாங்கிய நாளிலிருந்து இருபத்தைந்து வருடமாகப் பாவம் மனுஷர் மெதுவாகவே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வருங்கால மாமனாருக்கு இதைவிட நல்ல பரிசு உண்டா? சொட்டைச் சுரண்டினான். வலது பக்கம் திருகினான். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. அவனுக்குக் கோடு நிற்பதுதான் கணக்கு.

கோடு நின்றது. மெக்கானிக் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை தூறலாக இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்தான் வீடு. கூடத்தில் ஒரு சுவர் முழுக்க இசைத்தட்டுகள். எதிர்ச்சுவரில், வரவரச் சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துகளோடு, கடையில் மாற்றிய பழைய கண்பரிசோதனை அட்டை. ஜன்னலோரம் அவளுடைய அம்மா தையல் மெஷினில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாதவர். தலையை அசைத்து வரவேற்றதோடு சரி.

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு தட்டை உறையிலிருந்து உருவினார், கைக்குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல.

"இவரை எடுத்த எடுப்புல யாராலயும் புரிஞ்சுக்க முடியாது தம்பி. எனக்கே முதல் மூணு மாசம் தலைவலிதான். மெஷினோட தூக்கிப் போட்டுடலாம்னுகூட நெனச்சேன்."

"அப்புறம் எப்படி சார்?"

"இவ அப்போ கைக்குழந்தை. பகல்ல தூங்கவே மாட்டா. ஒருநாள் மத்தியானம் இதே தட்டைப் போட்டேன். திடீர்னு அந்த இசை தானா திறந்துக்கிச்சு! மேகம் நகர்ற மாதிரி. இவளும் அன்னிக்குத்தான் ரெண்டு மணி நேரம் அசையாமத் தூங்கினா. குழந்தைக்குத் தெரியுது, எதிர்வீட்டுப் பல் டாக்டருக்குத் தெரியல."

எதிர்வீட்டுப் பல் டாக்டர் அவருடைய உயிர் நண்பர். தாடிக்காரர் விஷயத்தில் மட்டும் ஜென்ம விரோதி. தினமும் கடையில் வந்து உட்கார்ந்து சண்டை போடுவார். பிளேயர் ஓடும் நேரத்தில் இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று சபதம்.

"போன்ல எல்லாம் கேக்கறாங்களே சார்?" என்றான் மெக்கானிக் பேச்சை வளர்க்க.

"ஐயோ, அது ஆகாது. கம்பெனிக்காரன் அவசரத்துல ஓட்டுவான். நான் வெளியில எங்கயும் கேக்கறதில்ல."

முள்ளை வைத்தார். கண்ணை மூடினார். மெக்கானிக்கும் மூடினான்.

முதல் அடியிலேயே ஜன்னல் கம்பியில் ஒதுங்கியிருந்த புறா மழையே தேவலை என்று கிளம்பிப் போயிற்று.

"யாருய்யா இது?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"அவர்தான் சார்."

"இது அவர் குரலே இல்ல. அவர் கெணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி பாடுவாரு. இது யாரோ கதவிடுக்குல வெரல மாட்டிக்கிட்ட ஆளு!"

அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். அவன் வாயில் வந்ததைச் சொன்னான்.

"புது பெல்ட் சார். வெறைப்பா இருக்கு. கொஞ்ச நேரம் ஓடினா இளகிடும்."

"அப்போ ஓடட்டும்."

ஓடியது. பெல்ட் இளகவில்லை. ஆனால் சத்தம் தெருவைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். குடையைக்கூட மடக்காமல் பல் டாக்டர் உள்ளே வந்தார். சபதம் முறிந்ததைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

"கேட்டியா? இப்பவாவது கேட்டியா? இதைத்தானே நான் இருபத்தஞ்சு வருஷமா தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொல்றேன்! நீ என்னடான்னா மேகம்ங்கிற, ஆத்தங்கரைங்கிற. எங்கய்யா மேகம்? என் கிளினிக்ல டிரில் போட்டா இதவிட நல்ல மேகம் தெரியும்!"

"மெஷின் கெட்டுப்போச்சு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர் பலவீனமாக.

அங்கேதான் மெக்கானிக்கின் தொழில் ரோஷம் குறுக்கே வந்தது. மற்ற எதைச் சொன்னாலும் தாங்குவான்.

"மெஷின் சரியா இருக்கு சார்," என்று ட்யூப் லைட்டைப் போட்டு, பையிலிருந்து கோடு போட்ட அட்டையை எடுத்துத் தட்டின்மேல் வைத்தான். "பாருங்க, கோடு நிக்குது. இத்தனை நாள் ஓடினதுதான் தப்பு. நான் திருத்தியிருக்கேன்."

பிறத்தியார் பார்வையை மயிரிழை பிசகாமல் அளந்தே பழகியவர் அவர். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கோடுகள் ஈவிரக்கமில்லாமல் நின்றன.

"அப்போ நான் கேட்டதெல்லாம்?"

 ஜெயித்துவிட்ட பல் டாக்டர்கூடக் குடையை மடக்குவதில் மும்முரமானார்.

"திருப்பி வச்சிடறேன் சார்! ரெண்டு நிமிஷம்," என்றான் மெக்கானிக்.

பிளேயரை மேசைக்கு வெளியே பாதி நீட்டி, அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, புதுச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்தான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து திருகாணியைத் திருகினான். அங்கிருந்து பார்த்தால் வீடே கால்களாகத் தெரிந்தது. மாமனாரின் செருப்பு. டாக்டரின் ஈர ஷூ. தையல் மெஷின் பெடலில், நகங்களுக்குக் கருஞ்சிவப்பாகச் சாயம் பூசிய அம்மாவின் கால்கள். எங்கேயோ பார்த்த நிறம் என்று தோன்றியது. யோசிக்க நேரமில்லை.

ஏனென்றால் அப்போதுதான் அது நடந்தது.

பாட்டு தணிந்தது. கிதார் அலறுவதை விட்டுவிட்டு, தண்ணீருக்கடியில் யாரோ விளக்கேற்றிக்கொண்டு போவதைப்போல நகர்ந்தது. முரசு தூரத்துக் கட்டடமொன்றில் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தியது. குரல் கிணற்றின் அடியிலிருந்து, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக மேலே வந்தது. தையல் மெஷின் நின்றது. தூறலும் அந்தத் தாளத்துக்கே விழுவதுபோல இருந்தது. மெக்கானிக், அந்த மீதிப் பாதியைச் சேர்ந்த மெக்கானிக், ஒருவரும் சொல்லாமலே கண்ணை மூடி "ம்ம்" என்றான்.

"யாருய்யா இது?" என்றார் பல் டாக்டர் கிசுகிசுப்பாக. "நல்லா இருக்கே!"

"அவர்தான்."

"எவர்?"

"தாடிக்காரர்."

பல் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் மழையச் சொன்னேன்."

"அதேதான் தம்பி! அப்படியே விடு!" என்று கண்ணாடிக்கடைக்காரர் போட்ட சந்தோஷக் கூச்சலில் மெக்கானிக் திடுக்கிட்டான். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி இன்னொரு சுற்றுப் போய்விட்டது.

தாடிக்காரர் கொட்டாவி விட ஆரம்பித்தார்.

"கொஞ்சம் கூட்டு," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். கூட்டினான். கொட்டாவி தும்மலாயிற்று. "குறை, குறை!" குறைத்தான். "இல்ல, முந்தி இருந்ததுக்கும் இதுக்கும் நடுவுல." நடுவில் என்றால் எங்கே? அந்த இடத்துக்குக் கோடும் கிடையாது, அட்டையும் கிடையாது. பதினோரு முறை முயன்றான். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ பாடினார்கள்.

கடைசியில் கண்ணாடிக்கடைக்காரர் முள்ளைத் தானே தூக்கி வைத்தார்.

"எழுந்திருங்க தம்பி. நாளைக்கு வேற மெக்கானிக்கப் பாத்துக்கறேன்." தட்டை எடுத்து உறைக்குள் போட்டார். "மத்ததையும் அப்புறம் பாத்துக்கலாம்."

பால்கனிக்குப் போய்த் தூறலைப் பார்த்து நின்றுகொண்டார். பல் டாக்டரும் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நின்றார். எதிராளி தோற்றுப்போனால் நாளைக்குக் கடையில் யாரோடு சண்டை போடுவது என்ற கவலை அவர் முதுகிலேயே தெரிந்தது.

அவள் குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள்.

"'மத்தது'ன்னு சொன்னாரே, அது நாமதான்."

"தெரியுது."

"யாரு உன்னைத் திருத்தச் சொன்னா?"

"கோடு நிக்கலம்மா..."

"ஆமா, இப்ப எல்லாமே நின்னுபோச்சு."  முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவைச் சமாதானப்படுத்தப் பால்கனிக்குப் போனாள்.

மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. எழுந்து எங்கே போவது? திருகாணியையே பார்த்தபடி கிடந்தான்.

தையல் மெஷின் பெடலிலிருந்து அந்தக் கால்கள் இறங்கின. கூடத்தைக் கடந்து உள்ளறைக்குப் போய்த் திரும்பின. மேசையருகே வந்து மெதுவாக மடங்கின. அம்மா முழங்காலிட்டு உட்கார்ந்து, பால்கனிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெக்கானிக்கின் உள்ளங்கையில் ஒரு குட்டிச் சீசாவை வைத்தார். நகச்சாயம். கருஞ்சிவப்பு.

"முதல்ல உங்க அட்டையில கோடு நிக்கற மாதிரி வச்சுக்கோங்க," என்றார் ரகசியமாக. "அங்கேர்ந்து இடது பக்கம் ரெண்டே கால் சுத்து, மாப்ளே. மேல இதுல ஒரு சொட்டு வச்சிட்டா, இன்னும் இருபத்தஞ்சு வருஷத்துக்கு அவர் மேதைதான்."