இரண்டு நாள், மூன்று தீவு, ஒரு பையன்

அக்காவுக்கு,

அன்பும் வழக்கமான பயமும் கலந்து தம்பி எழுதிக்கொள்வது. இங்கே என் முதுகைத் தவிர மற்ற எல்லோரும் நலம். அங்கே நீயும் அத்தானும் உன் ரத்த அழுத்தமும் அளவோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குப்புறப் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வயதாகிவிட்டது என்று நினைத்துவிடாதே.

நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "டேய், போட்டோவைப் பார்த்து ஏமாறாதே. போட்டோல எல்லாரும் நல்லவனாத்தான் இருப்பான். நேர்ல போய்ப் பாரு, பார்த்துட்டு லெட்டர் எழுது. போன்ல நீ எல்லாத்துக்கும் தலையாட்டிடுவே. நீ எழுதறதுதான் முடிவு." அப்படியே செய்தேன். மகள் அந்தப் பையனின் படத்தை நீட்டியபோதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எடை அளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். பொட்டலத்தின் மேல் அச்சடித்திருப்பதை என்றைக்கு நம்பியிருக்கிறேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். பையன் வாரக் கடைசியில் ஆட்களைக் கும்பலாகச் சேர்த்துக் குறைந்த செலவில் கடற்கரைக்கும் தீவுக்கும் அழைத்துப் போகிறான். போன வருஷம் இவளும் தோழிகளோடு போனாள், போன இடத்தில் மனசை விட்டுவிட்டு வந்தாள். "நீங்க வேணாம்னா மீறிப் போக மாட்டேன்ப்பா. ஆனா வேற யாரையும் பார்க்கச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அமைதியாகச் சொன்னதால் எனக்கு இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே பழைய ஆபீஸ்காரர்கள் கூட்டம் என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அந்தப் பையனின் பயணத்திலேயே ஓர் ஆளாகப் பதிவு செய்துகொண்டு கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பஸ். ஏழே காலுக்கு வந்தது. இருபத்திரண்டு பேர். சீட்டுக் குலுக்கி இடம் கொடுத்தார்கள், எனக்கு வாய்த்தது கடைசி வரிசை, சக்கரத்துக்கு நேர் மேலே. ஒவ்வோர் இருக்கையிலும் ஓர் அட்டையும் ஓர் ஊக்கும் வைத்திருந்தார்கள். இரண்டு நாளைக்கு யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாதாம், பதவி கிடையாதாம், ஆளுக்கொரு பட்டப்பெயர் எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டுமாம். நான் 'தராசு' என்று எழுதிக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பல் மருத்துவர் அம்மாள் 'வலிக்காது' என்று எழுதிக்கொண்டார். முன்னால் ஒருவன் நின்றான். ஆறடி உயரம், கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கழுத்தில் விசில், நெஞ்சில் 'கேப்டன்'. அவன் விசில் ஊதினான், பஸ் புறப்பட்டது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? இவன்தான் பையன் என்று முடிவு கட்டி நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். கூடவே இன்னொருத்தனும் இருந்தான், முப்பது வயதிருக்கும், குள்ளம், வெளுத்துப்போன சட்டை, அட்டையில் 'மூட்டை'. கூடாரம், பாய், தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் அவன்தான் ஏற்றினான், இறக்கினான். பத்து நிமிஷத்தில் கிளம்பலாம் என்று ஒவ்வொருவரிடமும் போய் மெதுவாகச் சொன்னதும் அவன்தான். அதைக் கேட்டுக் கேப்டன் விசில் ஊதி, "பத்தே நிமிஷம்!" என்று கத்துவான். முதலாளியும் எடுபிடியும் என்று எடுத்துக்கொண்டேன். நீயாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாய்.

விளம்பரத்தில் போட்டிருந்தது மூன்று தீவு, நான்கு கடற்கரை, ஆள் நடமாட்டமே இல்லாத தனிமை. முதல் கடற்கரையில் எங்களுக்கு முன்பே ஏழு பஸ் நின்றது. தனிமையைத் தேடி வந்த இருநூறு பேர், ஒருத்தர் தனிமையில் இன்னொருத்தர் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து படகு. படகுக்காரர் எல்லோரையும் வலது பக்கம் உட்காரச் சொன்னார், பிறகு இடது பக்கம், பிறகு "யாரும் அசையாதீங்க, மூச்சு மட்டும் விடுங்க" என்றார். முதல் தீவு தீவாகவே இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது தீவை நான் கையோடு கொண்டு போன டேப்பை வைத்து அளந்தேன். நீளம் நூற்றுப் பத்தடி, அலை ஏறினால் எழுபது. மத்தியானச் சாப்பாடு ரொட்டியும் தலைக்கு இரண்டு அவித்த முட்டையும். கேப்டன் மூன்று எடுத்தான், என் கண்ணால் பார்த்தேன். படகு கரை தட்டினால் முதலில் குதிப்பவன் அவன், மூட்டை தூக்கும்போது காணாமல் போகிறவனும் அவன். தன்னைத் தானே அறுபது தடவை படம் எடுத்துக்கொண்டான், எண்ணினேன். என் பெண் இந்த விசிலுக்கா மயங்கினாள் என்று நினைத்தபோது, அக்கா, சிரிக்காதே, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பல் மருத்துவர் அம்மாள் உப்புக் காற்று என்று நினைத்துக் கைக்குட்டை கொடுத்தார்.

மூன்றாவது தீவில்தான் வினை. அது இரண்டாவது தீவுக்கு எதிரிலேயே இருந்தது, நடுவில் முழங்கால் தண்ணீர். ஒரே தீவை இரண்டாகக் காட்டி ஏய்க்கிறார்கள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே! பேண்டைச் சுருட்டிக்கொண்டு, டேப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, நடந்தே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். வெற்றியோடு திரும்பிப் பார்த்தால் நான் வந்த வழியைக் காணோம். தண்ணீர் ஏறிவிட்டது. இந்தக் கரையில் நான் ஒருத்தன், அந்தக் கரையில் இருபத்தொரு பேர். விளம்பரத்தில் சொன்ன தனிமை கடைசியில் எனக்கு மட்டும் கிடைத்தது. கேப்டன் அங்கே நின்று விசில் ஊதினான், ஊதிக்கொண்டே இருந்தான். மூட்டை சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தான். முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"கழுத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க சார். பேண்ட் நனையாது."

நனைந்தது. ஆனாலும் நடுக்கடலில் ஒருத்தன் முதுகில் உட்கார்ந்திருக்கும்போது மனசு லேசாகி எல்லாவற்றையும் கொட்டிவிடத் தோன்றுகிறது. "தம்பி, ஒரு ரகசியம் சொல்றேன், வெளிய விடாதீங்க. அந்தக் கேப்டன் இருக்கானே, அவனுக்குத்தான் என் பொண்ணைக் கேக்கறாங்க. ஆளைப் பார்க்கத்தான் வந்தேன்."

மூட்டை அப்படியே நின்றுவிட்டான். காலடியில் மணல் சரிகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். "சார், அது வந்து..." என்றான்.

"இருங்க, முடிச்சுடறேன். ஒண்ணுக்கும் உதவ மாட்டான். மூணு முட்டை திங்கறான். வெறும் விசில்!"

"பொண்ணு என்னங்க சொல்றாங்க?"

"பிடிச்ச பிடியா நிக்கறா. எல்லாம் எங்க அக்காகிட்ட இருந்து வந்தது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். உன்னைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று கேட்காதே. அலை வேறு அடித்துக்கொண்டிருந்தது, அவன் காதில் பாதிதான் விழுந்திருக்கும். பிறகு என் குறட்டை, ரிட்டயர் ஆன அன்றைக்கு மொட்டை மாடியில் தனியாகப் போய் அழுதது, மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரித் தராசு சரியில்லை என்று நான் போட்ட சண்டை என்று ஒன்று விடாமல் சொன்னேன். கரை நெருங்கும்போதுதான் கேட்கத் தோன்றியது.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"இன்னும் இல்லைங்க. ஒரு இடத்துல பேச்சு நடக்குது. பொண்ணோட அப்பா இன்னும் பதில் சொல்லலை."

எனக்கு வந்ததே கோபம்! "அந்த ஆளுக்கு மூளை இருக்கா? உங்களை மாதிரி ஒருத்தர் கிடைச்சா யோசிக்க என்ன இருக்கு? என்ன வேலை பார்க்கறாரு?"

"கவர்மென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவருங்க."

"அதானே பார்த்தேன். இந்த ஆளுங்களே இப்படித்தான். நான் வேணும்னா அவர்கிட்டப் பேசட்டுமா?"

"வேணாங்க. அவரே பார்த்துச் சொல்லட்டும்" என்று சொல்லி என்னை மணலில் இறக்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படகுத்துறையில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள், பயணத்தில் குறை நிறை எழுதச் சொல்லி. நான் மூன்று பக்கம் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் எனக்கு எதிரே உட்கார்ந்து கேப்டனும் எழுதிக்கொண்டிருக்கிறான்! "நீங்க எதுக்குத் தம்பி எழுதறீங்க?" என்றேன். "நானும் வந்தவன்தானே சார். விசில் என் சொந்த விசில்" என்றான். வரிக் கணக்கு எழுதும் ஆபீசில் குமாஸ்தாவாம், நாலாவது தடவையாக வருகிறானாம். "அப்ப இதையெல்லாம் நடத்தறது யாரு?" என்று கேட்டேன். பல் மருத்துவர் அம்மாள் பேனா முனையால் காட்டினார். மூட்டை ஒரு கையில் தண்ணீர்க் கேனும் இன்னொரு கையில் காகிதக் கட்டுமாக நின்றுகொண்டு, "முடிச்சிட்டீங்களா சார்?" என்றான். எனக்குப் பூமி பிளக்கவில்லை, படகுத்துறைப் பலகைதான் கொஞ்சம் ஆடியது. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, போய்ப் பஸ்ஸில் சக்கரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டேன். ஊர் வந்து சேரும்வரை யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆகவே அக்கா, தீர யோசித்து எழுதுகிறேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம். பையனிடம் குறை இல்லை, குறை முழுக்க நான் பேசிய பேச்சில்தான். என் குறட்டையிலிருந்து உன் குணம் வரைக்கும் தெரிந்துகொண்ட ஒருத்தனை எந்த முகத்தோடு வீட்டுக்குள் அழைப்பேன்? அந்த ஆளுக்கு மூளை இருக்கிறதா என்று அவனிடமே என்னைப் பற்றிக் கேட்டுவிட்டேனே! விருந்துக்கு வந்து எதிரே உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்குமா? மகளிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நீ சொன்னால் அழ மாட்டாள். அழுதாலும் எனக்குத் தெரியாமல் அழுவாள்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். அவர்களில் யாரும் கடல் பக்கம் போக வேண்டாம்.

உன் வார்த்தையைத் தட்டாத,
தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் மகள் வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தீவு எப்படிப்பா இருந்தது?" என்றாள். எந்தத் தீவு என்றேன். "பதிவு பண்ற ஃபாரத்துல, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்ங்கற இடத்துல என் பேரும் நம்பரும் எழுதியிருக்கீங்க. உறவுன்னு கேட்ட இடத்துல மகள்னு போட்டிருக்கீங்க. வியாழக்கிழமையே அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்" என்றாள். படிவத்தில் எப்படியம்மா பொய் எழுதுவது என்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில் எழுதினதில்லையே. அவள் சிரித்துவிட்டு, "அப்பாவுக்கு முதுகு வலி, முன் சீட்டும் நல்ல பாயும் குடுங்கன்னு நான்தான் அவர்கிட்ட கெஞ்சினேன். முடியாதுன்னுட்டார். எல்லாருக்கும் எப்படியோ அப்படித்தான் உங்கப்பாவுக்கும்னுட்டார்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். தண்ணீரில் தூக்கி வந்ததுகூடத் தனிச் சலுகை இல்லையாம், கேப்டனை இரண்டு தடவை தூக்கியிருக்கிறானாம்.

அக்கா, நான் உள்ளே நுழைந்தது தெரிந்தால் கடைக்காரன் என்ன செய்வான் தெரியுமா? எனக்கு மட்டும் எடை கொஞ்சம் கூடப் போடுவான். ஒருத்தன் விடாமல் போடுவான். இவன் வாழ்க்கையே என் கையில்தான் இருந்தது, அது தெரிந்தும் எனக்குச் சக்கரத்துக்கு மேல் சீட்டும் இரண்டே முட்டையும்தான் கொடுத்தான். என் பெண்ணை இப்படி ஒருத்தன் கையில் கொடுக்காமல் வேறு யார் கையில் கொடுக்கப் போகிறேன்? மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். நான் எழுதுவதுதான் முடிவு என்றாயே, இதுதான் முடிவு. தேதியை மட்டும் வாரத்தின் நடுவில் பார்த்து வை. சனி, ஞாயிறு மாப்பிள்ளைக்கு ஒழியாது.