பகலில் அருந்ததி கண்டவர்கள்

யாராவது எதையாவது சுட்டிக்காட்டி “தெரியுதா?” என்று கேட்டால், கண் அங்கே போய்ச் சேருவதற்குள் “தெரியுது, தெரியுது” என்று தலையாட்டிவிடும் ஓர் இனம் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் செழித்து வளர்கிறது. அக்காவின் ஸ்கேன் படத்தில் சாம்பல் நிற மேகத்தைக் காட்டினால் “அப்படியே மாமா மூக்கு” என்பார்கள். அது முழங்காலாக இருக்கும். ஆன்லைன் மீட்டிங்கில் மேலாளர் ஸ்கிரீன் தெரியுதா என்றால், அவர் இன்னும் பட்டனையே அழுத்தாதபோதும் கட்டை விரலைத் தூக்குவார்கள். கண்ணாடிக் கடையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னால், பலகையில் இல்லாத எழுத்துகளையும் கணீரென்று வாசிப்பார்கள்.

பொய்யர்களா? சேச்சே. பொய் சொல்ல முதலில் உண்மை தெரிந்திருக்க வேண்டும். இவர்களுக்கு அந்தச் சுமையே கிடையாது.

இந்த இனத்தில் நல்ல உயர்ந்த ரகம் நம்ம கிஷன். வயது முப்பத்தொன்று, செந்தூல் அடுக்குமாடி வாசி, ஏர்கோன் என்கிற ஏசி விற்பனையாளர். எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொல்லாமலே ஏழு வருடம் ஓட்டியவர். அவர் போய்க் காதலித்தது யாரை? இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் நடத்தும் ஷாமினியை. வேறு ஆளா கிடைக்கவில்லை?

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஒரு நாள், கல்யாணத்தில் காட்டும் அருந்ததி பற்றிப் பேச்சு வந்தது. ஷாமினி டிஷ்யூ பேப்பரில் ஒரு புள்ளி வைத்தாள்.

“வெள்ளை நட்சத்திரம். நம்ம சூரியன் மாதிரியே முதன்மை வரிசைல இருக்கு. அதாவது, உள்ளுக்குள்ள ஹைட்ரஜன ஹீலியமா மாத்திக்கிட்டு அலட்டாம வாழுது. சூரியனவிடப் பத்து மடங்குக்கு மேல பிரகாசம். ஆனா எண்பது ஒளியாண்டு தள்ளி இருக்கறதால நமக்கு மங்கலாத்தான் தெரியும். கிள்ளான் வெளிச்சத்துல, புகைமூட்டத்துல, ராத்திரியே கஷ்டம். புரியுதா?”

“புரியுது.”

“என்ன புரிஞ்சுச்சு?”

“எல்லாந்தான்.”

ஷாமினி சிரிக்கவில்லை. “எங்கப்பாவும் இப்படித்தான். வழி தெரியும் தெரியும்னு வடக்க ஈப்போ போகக் கிளம்பி தெக்க மலாக்காவுல போய் நின்னோம். முப்பது வருசமா எங்கம்மா அவரு சொல்ற எதையும் நம்புறதில்ல. எனக்கு அந்த வாழ்க்கை வேணாம் கிஷன். தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அது ஒண்ணு போதும்.”

“சொல்றேன் லா,” என்றார் கிஷன். அதையும் யோசிக்காமல்தான் சொன்னார்.

வைகாசியில் கல்யாணம். கிள்ளானில் குளுகுளு மண்டபம், நானூறு பேர், காலை பத்தரை மணி. தாலி ஏறிவிட்டது, அம்மி மிதித்து மெட்டியும் போட்டாயிற்று. பன்னிரண்டு மணிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் இன்னொரு முகூர்த்தம் வைத்திருந்த குருக்கள், கூரையில் சுழலும் மின்விசிறிப் பக்கமாக அவசரமாய் விரலை நீட்டினார்.

“அருந்ததி தெரியறதா?”

“தெரியுது சாமி,” என்றார் கிஷன். விரல் முழுதாக நீளக்கூட இல்லை.

பக்கத்திலிருந்து மெல்ல ஒரு குரல். “எது?”

ஒரே ஒரு சொல். இந்த இனத்தைக் கொல்ல வேறு மருந்து தேவையில்லை. கிஷன் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி, ஏர்கோன் குழாய், ஒரு மூலையில் ஒட்டடை.

“வைகாசி மாசம் இந்நேரத்துல அது தரைக்குக் கீழ இருக்கு,” என்று முணுமுணுத்தாள் ஷாமினி. “எல்லாரும் மேல பாக்குறீங்க.”

முன்வரிசையிலிருந்து மாமனார் பழனியப்பன் உதவிக்கு வந்தார். “மாப்ள, அந்தக் காத்தாடிக்கு எடது பக்கம்.” கிஷனின் அத்தை புனிதா இன்னும் ஒருபடி மேல். “எனக்கே இங்கேருந்து பளபளன்னு தெரியுதே.” அவருக்குப் பின்னால் நானூறு கழுத்துகள் நிமிர்ந்தன.

கிஷன் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டிஷ்யூ பேப்பரும் மலாக்காவும் நினைவுக்கு வந்தன.

“தெரியல சாமி.”

நாதஸ்வரம் நடுவில் நின்றது. கிஷனின் அம்மா குமுதா மேடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “டேய், வாயக் கழுவு. அது தெரியலன்னா குடும்பம் நெலைக்காதுன்னு சொல்லுவாங்கடா.” விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத முகம் அது. குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஷாமினி மாமியாரைப் பார்த்தாள். பிறகு நிதானமாக முகத்தை உயர்த்தினாள்.

“எனக்குத் தெரியுது சாமி. வெள்ளையா, மங்கலா. பக்கத்துலேயே பெருசா வசிஷ்டரும் இருக்காரு.”

பொய்யிலும் தகவல் பிழை இல்லை பாருங்கள். அதுதான் படிப்பு.

“பேஷ்,” என்றார் குருக்கள். குமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மேளம் கொட்டியது. கிஷன் மட்டும் அவள் காதருகே குனிந்து, “எது?” என்றார்.

“வாய மூடு லா,” என்றாள் ஷாமினி. ஆனால் அவர் கையை விடவில்லை.

ஆக, கிள்ளான் பள்ளத்தாக்கில் இனத்தின் எண்ணிக்கை குறையவில்லை. ஒருவர் வெளியேறினார், அதே நிமிடத்தில், கூடுதல் கல்வித் தகுதியோடு ஒருவர் சேர்ந்தார்.

போன வாரம் கல்யாண வீடியோ வந்தது. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும் இடத்தில் அத்தை புனிதா படத்தை நிறுத்தினார். மூன்றாவது வரிசையில் ஒருவர், வாய் லேசாகத் திறந்திருக்க, மின்விசிறியைப் பார்த்து அப்படி ஒரு திருப்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். யார் இது என்று என்னிடம் கேட்டார்.

வாசகரே, உங்கள் மானம் எனக்கு முக்கியம் இல்லையா? முகம் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.