தூணில்லாமல் ஒரு பந்தல்

இந்தப் பிரபஞ்சத்தைப் பந்தல் காண்டிராக்டரின் கண்ணால் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நாகமலை புதுக்கோட்டையில் நான் குடியிருந்த தெருவில் இருந்தார். வீட்டில் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் பந்தல் அவருடையது. அதனால் சாமியானா பாய்.

திருமறையில் பூமியை விரிப்பு என்று சொல்லியிருக்கிறது. மலைகளை அது ஆடாமலிருக்க ஆப்பு மாதிரி அடித்த முளைகள் என்றும் வானத்தைக் கூரை என்றும் சொல்லியிருக்கிறது. மற்றவர்கள் ஓதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். பாய்க்கோ தன்னுடைய குடோனைப் பற்றி யாரோ எழுதியதுபோல இருந்தது.

"விரிப்பு, முளை, கூரை. எல்லாம் நம்ம லைன்தான் தம்பி" என்பார் என்னிடம். அதற்குமேல் அவருக்கு ஓர் ஆசை உண்டு. இன்றைய விஞ்ஞானம் கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் வேதத்தோடு பொருத்திப் பார்த்துவிட வேண்டும். ஈ பறந்தால் அத்தாட்சி, எறும்பு ஊர்ந்தால் அத்தாட்சி. அத்தாட்சி என்றால் படைத்தவன் விட்டுவைத்த அடையாளம். தெருவில் நடந்துபோகும்போது திடீரென்று நின்று எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் வருகிற பைக்குக்காரன்தான் ஒதுங்கிப் போக வேண்டும். பள்ளிவாசல் ஹஜ்ரத்தே ஒருநாள் சலித்துப்போய், "பாய், வானத்துக்கு அல்லாஹ் உங்ககிட்ட கொட்டேஷன் கேக்கல" என்று சொல்லிவிட்டார். பாய் அதற்கும் சிரித்தார்.

மத்தியானத்தில் வேலை இல்லாவிட்டால் குடோனில் மடித்து அடுக்கிய துணிக் குவியலின் மேல் மல்லாந்து படுத்துக்கொள்வார். உத்தரத்தில் ஒரு பழைய சாமியானா தொங்கும். அதிலிருந்த ஓட்டைகள் வழியாக வெயில் புள்ளி புள்ளியாக இறங்கும். காற்றில் துணி அசைந்தால் புள்ளிகளும் மெதுவாக நகரும். "பகல்ல நட்சத்திரம் பாக்கணும்னா இங்க வாங்க தம்பி" என்று கூப்பிடுவார். நானும் போய்ப் படுத்துக்கொள்வேன். இருவரும் பேசாமல் கிடப்போம். அந்த மத்தியானங்களில் நாகமலை மேல் மேகத்தின் நிழல் நகர்வதுகூடக் காதில் கேட்கிற மாதிரி இருக்கும்.

அவருக்கு எதிர்க்கட்சி கல்லு சார். எதிர்வீட்டுக்காரர், பக்கத்துக் கல்லூரியில் நிலவியல் பேராசிரியர். வீட்டுக்குள் புத்தகத்தைவிடப் பாறைத் துண்டுகள் அதிகம் என்பதால் அந்தப் பெயர். தினமும் சாயங்காலம் டீக்கடையில் இருவருக்கும் வழக்கு நடக்கும். நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். தீர்ப்புச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஒருநாள் பாய் எங்கள் இருவரையும் ஜிகர்தண்டாக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். இரண்டு கடல்கள் சந்திக்கும், நடுவில் ஒரு தடுப்பு இருக்கும், ஒன்றை ஒன்று மீறாது என்று வேதத்தில் வருகிறதாம். அதை நிரூபிக்கப் போகிறாராம். கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க சார். கீழ நன்னாரி, மேல பாலு. கலக்குதா?"

கல்லு சார் டம்ளரை வாங்கி, கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். "இப்பக் கலந்துருச்சு பாய்."

"கரண்டிய விடச் சொல்லி எங்கயும் எழுதலையே சார்!"

"கரண்டி விடாட்டியும் கொஞ்ச நேரத்துல தானாக் கலந்துரும். அடர்த்தி வேற வேற, அதான் சண்டை போடுற மாதிரி நிக்குது."

பாய் அந்த ஜிகர்தண்டாவைக் குடிக்கவே இல்லை. மதுரையில் பிறந்த ஒருவர் ஜிகர்தண்டாவை மீதி வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மலை விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். பெரிய மலைகளுக்குப் பூமிக்கு அடியில் வேர் மாதிரி ஆழம் உண்டு என்று கல்லு சாரே ஒப்புக்கொண்டார். பாய் குதித்தார். "அப்ப முளைதான!" ஆனால் மலைத்தொடர் உள்ள இடங்களில்தான் பூகம்பமும் நிறைய வருகிறது என்று சார் அடுத்த வாக்கியத்தைச் சொன்னதும் பாயின் முகம் தொங்கிவிட்டது. மறுநாள் விடிந்ததும் பாய் போய்ச் சார் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சார், முளை அடிச்ச எடத்துலதான இழுப்பு ஜாஸ்தி? அங்கதான துணி கிழியும்?"

"உவமை அருமையா இருக்கு பாய். ஆனா அது சயின்ஸ் இல்ல." சார் பல் துலக்கிக்கொண்டே சொன்னார். "சயின்ஸ் நாளைக்கே மாறும். அப்ப என்ன செய்வீங்க?"

"வேதம் அப்படியே இருக்கும் சார். நான் புரிஞ்சுக்கிட்டதத்தான் பிரிச்சுக் கட்டணும். பிரிச்சுக் கட்டுறது எனக்கென்ன புதுசா?"

சார் வாயிலிருந்த நுரையோடு சிரித்தார். டீக்கடையில் எத்தனை வழக்கு நடந்தாலும், வெளியாரிடம் அந்த இருவரும் ஒருவரையொருவர் விட்டுக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வினை வேறொரு வரியில் காத்திருந்தது. நீங்கள் பார்க்கக்கூடிய தூண்கள் இல்லாமல் வானத்தை உயர்த்தினான் என்று வேதத்தில் வருகிறது. அதற்கு விஞ்ஞானத்தில் என்ன என்று பாய் கேட்க, ஏதோ பேப்பர் திருத்திக்கொண்டிருந்த கல்லு சார் தலை நிமிராமலே, "ஈர்ப்பு விசைன்னு வச்சுக்கங்களேன்" என்று சொல்லிவிட்டார்.

"அப்ப தூண் இருக்கு. கண்ணுக்குத்தான் தெரியாது!"

அந்த வார்த்தை பாயின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதே சமயத்தில் சாரின் மகள் கயலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கொட்டாம்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். கயல் தவழ்ந்த காலத்திலிருந்து பாயை மாமா என்றுதான் கூப்பிடுவாள். மண்டபம் பார்க்கலாம் என்று சார் சொன்னதற்குப் பாய் சண்டைக்கே வந்துவிட்டார்.

"என் மருமக கல்யாணத்துக்கு நான் பந்தல் போடாம எவன் போடுறது? நடுவுல ஒரு கால்கூட இருக்காது சார். எந்த மூலையில உக்காந்தாலும் பொண்ணு முகம் தெரியும். வானம் மாதிரி ஒரு பந்தல்!"

சார் வீட்டை ஒட்டிய காலி மனையில் பந்தக்கால் மட்டும் முறைப்படி நட்டார்கள். மற்றபடி ஒரு கால் கிடையாது. ஒரு கயிறு வேப்பமரத்துக்கு, ஒன்று சார் வீட்டு மொட்டைமாடிக்கு, இன்னொன்று என் வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கு. கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் அந்த வெள்ளைத் துணி உயர்ந்து நின்றதைப் பார்க்க வேண்டுமே! எதன் மேலும் நிற்காமல் அந்தரத்தில் மிதந்தது. மலைக்குப் பின்னால் இறங்குகிற வெயில் துணி முழுவதும் பரவி, கீழே நின்ற எங்கள் முகமெல்லாம் மஞ்சள் பூசிய மாதிரி ஆயிற்று. கல்லு சார் அண்ணாந்து பார்த்து, "தோத்துட்டேன் பாய்" என்றார். பாயின் கண் மேலேயே இருந்தது.

அது ஆனி மாதம், காற்று தொடங்குகிற காலம். மறுநாள் காலை மாப்பிள்ளை மணவறையில் வந்து உட்கார்ந்தார். ஐயர் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். மலைப் பக்கமிருந்து ஒரு காற்று புறப்பட்டு வந்தது. பந்தல் ஒருதரம் மூச்சை உள்ளே இழுத்தது. பிறகு, அவசரமே இல்லாமல், எங்கள் எல்லோர் மேலும் இறங்கியது.

அடிபட்டவர் யாரும் இல்லை. வெள்ளைத் துணிக்குள் எல்லாமே பால் நிறத்தில் இருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் நிழலாகத் தெரிந்தார்கள். நாயனக்காரர் மட்டும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்குள்ளேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

"பாய், எங்க இருக்கீங்க?" இது கல்லு சாரின் குரல்.

"கீழதான் சார் இருக்கேன்."

துணியை விலக்கி வெளியே வந்ததும் கனவு கலைந்தது. மாப்பிள்ளையின் அத்தை தலைமுடி கலைந்து நின்றார். "தாலி கட்டுறதுக்கு முன்னாடியே பந்தல் விழுந்துருச்சு. இது நல்லதுக்கில்ல. இந்தச் சம்பந்தம் வேணாம், வண்டிய எடுங்கடா" என்றார். கொட்டாம்பட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் செருப்பையே மாட்டிவிட்டார்கள். கயல் மணமேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

சாமியானா பாய்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தொப்பியைக் காணோம்.

"அம்மா, ஒரு நிமிசம். எதப் பாத்தாலும் அத்தாட்சி, அத்தாட்சின்னு சொல்லித் திரிஞ்சவன் நான். இந்தத் தெருவையே கேளுங்க. ஆனா இது அத்தாட்சி இல்லம்மா. சகுனமும் இல்ல. துணி எம்புட்டு வெயிட்டு, காத்து எம்புட்டு இழுக்கும்னு நான் கணக்குப் பாக்கல. வேப்பமரத்து முடிச்சு உருவிக்கிச்சு. நடுவுல நாலு கால் நட்டிருந்தா நின்னுருக்கும். படைச்சவன் தூணில்லாம நிப்பாட்டுவான். நான் சாமியானாக்காரன். விழுந்தது என் திமிரு. அதத் தூக்கி அந்தப் புள்ளையோட வாழ்க்கையில போட்றாதீங்க."

அத்தாட்சி இல்லாத ஒன்று உலகத்தில் உண்டென்று பாய் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல்முறை. டீக்கடையில் இத்தனை வருஷம் விட்டுக்கொடுக்காத மனுஷன் அத்தனை பேர் முன்னால் விட்டுக்கொடுத்தார். கல்லு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். "ஏன் அத்தை, நம்ம வைக்கப்படப்ப மூடுற தார்ப்பாய் காத்துக்குப் பறக்காத வருசம் எது? முடிச்சு உருவுனா துணி விழத்தான செய்யும்?"

அத்தை கலைந்த முடியை அள்ளி முடிந்தார். "அதுக்காகப் பந்தல் இல்லாமத் தாலி கட்டுறதா?"

கம்புகள் எல்லாம் குடோனில் கிடந்தன. முகூர்த்தம் முடியப் போகிறது. பாய் குனிந்து துணியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். கல்லு சார் எதிர்ப்பக்கத்தைத் தூக்கினார். செருப்பு மாட்டியவர்கள் கழற்றிவிட்டு வந்தார்கள். சமையல்காரர்கள், நாயனக்காரரின் மச்சான், நான் எல்லோரும் ஆளுக்கொரு இடத்தில் பிடித்தோம். அக்கினிக்கு மேல் மட்டும் துணியை ஒதுக்கிக்கொண்டோம். உயரம் போதவில்லை என்று அத்தையே ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று பிடித்தார். வெள்ளை நிழலுக்குள் கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது.

கல்லு சார் பாயைப் பார்த்துக் கேட்டார். "பாய், இதுக்கு என்ன சொல்லியிருக்கு?"

"கை வலிக்குது சார், பேச்சுக் குடுக்காதீங்க."

அட்சதை போட்டு முடிந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராகத் துணியை விட்டுவிட்டுப் பந்திக்கு நகர்ந்தார்கள். பாய் மட்டும் தலைக்கு மேல் கையைத் தூக்கியபடியே நின்றார். கயல் எழுந்து அவரிடம் வந்தாள்.

"மாமா, கைய எறக்குங்க. முடிஞ்சிருச்சு."

"நல்லபடியா முடிஞ்சிருச்சாம்மா?"

"நல்லபடியா முடிஞ்சிருச்சு மாமா."

அவர் அப்போதும் கையை இறக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை காலியாக இல்லை. சற்றுத் தள்ளி நானும் என் பங்குத் துணியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவரை அங்கே தனியாக விட்டுவிட்டுச் சாப்பிடப் போக எனக்கு மனசு வரவில்லை.