ஓடுகிற சவங்களும் ஒறிஜினலும்

செத்தவர்கள் எப்படி நடப்பார்கள் என்பது செத்தவர்களைவிட ஒறிஜினலுக்கு நன்றாகத் தெரியும். நெடுங்கேணியில் இதை யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் பொழுதுபடும்வரை விளக்கம் கேட்க வேண்டிவரும்.

அவர் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர். என்னைப்போலவே யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். இளவயதில் ஊர்த் தியேட்டரில் ஓர் ஆங்கிலப் பேய்ப்படம் பார்த்திருந்தார். கறுப்பு வெள்ளை. செத்தவர்கள் எழும்பி, மெல்ல மெல்ல நடந்து, தங்கள் தங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிற கதை. அதற்குப் பிறகு உலகத்தில் எதுவும் அவருக்குத் திருப்தி தரவில்லை. "ஒறிஜினல் மாதிரி வராது" என்பார்; அதுவே அவருக்குப் பட்டப்பெயராயிற்று. பிட்டுக்கும் அதையே சொன்னார். கோயிலுக்குப் புதிதாக வந்த ஐயரைப் பற்றியும் சொன்னார், ஐயரை வைத்துக்கொண்டே.

மின்சாரம் இல்லாத போர்க்காலம். பெற்றோல் மருந்தைப்போலத் துளித்துளியாகத்தான் கிடைக்கும். அதில் சில துளி விட்டு ஜெனரேற்றரை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவைக்கும் வித்தை அவருக்குத்தான் கைவந்தது. ஆங்கில ஆசிரியரான நான் ரீவிக்குப் பக்கத்தில் நின்று வசனங்களை உரத்துத் தமிழில் சொல்வேன். ஊரில் ஆங்கிலப் படம் ஓட நாங்கள் இருவரும் வேண்டும்.

அவருடைய படத்தைக் கலரில் புதிதாக எடுத்திருக்கிறார்கள் என்று வவுனியாவிலிருந்து ஒரு வீடியோக் கசெற் வந்தது. ஒறிஜினல் முழுகி, வேட்டி கட்டி வந்தார். வெறுமையாய்க் கிடந்த நெல் களஞ்சியத்தில் யன்னல்களுக்குச் சாக்குக் கட்டிப் பட்டப்பகலில் காட்டினோம். இரவில் வெளிச்சம் தெரிந்தால் பிளேனில் வருகிறவர்களும் பார்க்க ஆசைப்படுவார்கள்.

படம் தொடங்கிச் சற்று நேரத்தில் திரை இருண்டது.

"என்ன, எண்ணெய் முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"இல்லை மாஸ்டர், நான்தான் நிப்பாட்டினனான். செத்ததுகள் ஓடுதுகள். இனி என்ன அவசரம் அதுகளுக்கு?"

கெஞ்சி மறுபடி ஓடவைத்தோம். மறுபடி நின்றது.

"பல்லைப் பாத்தியளோ? எங்களுக்கே பற்பசை இல்லை. இந்தச் சவத்துக்கு ஆர் குடுத்தது?"

"எங்களுக்கு இந்தச் சவம் போதும். நீ மெசினைப் போடு," என்றார் முன்வரிசையில் இருந்த தேத்தண்ணிக்கடைக்காரி.

போட்டார். கடைசிப் பகுதியில் செத்த கணவன் வீட்டு வாசலுக்கு வந்தான். மனைவி கதவிடுக்கால் சுட்டாள். இருட்டு.

"மாஸ்டர், சுட முதல் அவள் என்ன சொன்னவள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிடேல்லையோ?"

"இல்லை."

"ஒறிஜினல்ல அவள் கதவைத் திறக்கிறவள். இனி இந்தப் படம் ஓடாது."

சனம் கத்தியது. மொழிபெயர்த்துக் கத்தி எனக்கும் தொண்டை வறண்டிருந்தது. எல்லோரும் கேட்கச் சொன்னேன்: "உம்மட மனிசி செத்து வந்தால் நீர் கதவைத் திறப்பீரோ?"

களஞ்சியமே சிரித்தது. அவருடைய மனைவி இடப்பெயர்வுக்கு முந்திய மாதம் காய்ச்சலில் இறந்தவர். எனக்கு அது தெரியும். சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"ஓம் மாஸ்டர், திறப்பன்," என்றார் சாதாரணமாக. பெற்றோல் விட்டு மெசினைப் போட்டார். படம் முடிந்தது. என்ன முடிவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாய் மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் குடியிருந்த கொட்டில் வாசலில் ஒரு பம்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் வாய் திறக்கமுன் அவரே தொடங்கினார்.

"ராத்திரி முழுக்க யோசிச்சனான் மாஸ்டர். கதவு திறக்கிற வேலையே எனக்கு இராது. அவள் செத்தது ஊரில. இந்தக் கொட்டிலுக்கு அவளுக்கு வழி தெரியாது."

பம்பின் மற்றப் பக்கத்தில் குந்தி, அவர் காட்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டேன். பம்பு வேலை எனக்கு ஒரு துளியும் தெரியாது. மத்தியானம்வரை தவறாகவே பிடித்திருக்கிறேன். அவர் ஒருமுறைகூட விடச் சொல்லவில்லை.