ஆலங்கொல்லை ஆல் ஸ்டார்

"அங்கிளுக்கு ஆல் ஸ்டார் செட்டா, இல்ல பிரஷருக்கு மட்டும் போதுமா?"

மருந்துக்கடைப் பெண் தஹ்மீனா சாதாரணமாகத்தான் கேட்டாள். துரைராசுவுக்குத்தான் சுருக்கென்றது. அது என்ன ஆல் ஸ்டார் செட்டு என்று விசாரித்தார். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, வாயு, முட்டிவலி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கவரில் மாத்திரை வாங்குவதை ஆலங்கொல்லையில் இப்போது அப்படித்தான் சொல்கிறார்களாம். ஊரே அப்படிக் கேட்டு வாங்கும்போது அங்கிளுக்கு மட்டும் தெரியவில்லையே என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

துரைராசு முழு செட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அந்தப் பெயருக்கே சொந்தக்காரர் அவர். ஆலங்கொல்லை ஆல் ஸ்டார் வாலிபால் அணிக்கு முதல் கேப்டனும் கடைசி கேப்டனும் அவர்தான்.

அந்தக் காலத்தில் ஆலங்கொல்லையில் தெருவுக்கு ஒரு டீம் இருந்தது. நடுத்தெரு, மாதா கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு, காலனி என்று நாலு டீம். உள்ளூரில் ஒருவரையொருவர் அடித்துத் துவைப்பார்கள். வெளியூருக்குப் போனால் நாலும் முதல் சுற்றிலேயே தோற்றுப்போய்த் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வரும். ஒரு பொங்கலுக்கு யாரோ புண்ணியவான் சொல்லி, தெருக் கௌரவத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, எல்லாத் தெருவிலிருந்தும் நல்ல ஆட்டக்காரர்களாகப் பொறுக்கி ஆறு பேரைப் பட்டுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கே மைக் பிடித்தவர் டீம் பேர் என்ன என்று கேட்டார். எந்தத் தெருவின் பேரைச் சொன்னாலும் மற்றவன் முறைப்பான். ஆறு பேரில் கொஞ்சம் படித்தவரான கிளமென்ட், எங்கோ ஆங்கிலப் பேப்பரில் பார்த்த சொல்லை எடுத்துவிட்டார். அன்று கேடயத்தோடு திரும்பி வந்ததிலிருந்து அந்தச் சொல் ஊர்ச்சொத்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு அது பட்ட பாடு கொஞ்சமல்ல. வேகமாக நடவு நடுகிற பெண்கள் கூட்டத்தை முதலில் ஆல் ஸ்டார் என்றார்கள். கல்யாணப் பந்தியில் முகம் சுளிக்காமல் பரிமாறுகிறவர்களுக்கு அந்தப் பட்டம் போனது. கறிக்கடையில் ஈரல், நெஞ்செலும்பு, தொடைக்கறி எல்லாம் கலந்து கேட்டால் ஆல் ஸ்டார் கறி. டீக்கடையில் இஞ்சி, ஏலக்காய், சுக்கு மூன்றும் தட்டிப் போட்டால் ஆல் ஸ்டார் டீ. இது வரைக்கும் மரியாதைக்குக் குறைவில்லை. பழைய ஆறு பேரும் வயதாகி, சாயங்காலம் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து வம்பளக்க ஆரம்பித்தபோதுதான் சொல்லுக்குச் சனி பிடித்தது. வேலைவெட்டி இல்லாமல் நாலு பேர் எங்கே கூடினாலும் "ஆல் ஸ்டார் கூடிடுச்சு" என்று பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். எல்லாவற்றிலும் நல்லதைச் சேர்த்தது என்று பிறந்த சொல், எல்லாக் கோளாறும் சேர்ந்தது என்று மருந்துக்கடையில் வந்து நிற்கிறது.

வேறு சமயமாக இருந்தால் துரைராசு சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் இந்தப் பொங்கல் முடிந்ததும் கிளமென்ட் கனடாவில் இருக்கும் மகளிடம் போகிறார். ஓய்வு பெற்ற வாத்தியார், மனைவி இறந்த பிறகு தனிக்கட்டை. வீட்டையும் விற்றாகிவிட்டது, திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. அவர் போவதற்குள் ஆறு பேரும் ஒரு தடவையாவது கோட்டுக்குள் சேர்ந்து நின்றுவிட வேண்டும் என்று துரைராசு ஆசைப்பட்டார். காணும் பொங்கலன்று மூத்தோர் ஆட்டம் என்று ஏற்பாடு செய்து, அந்தக் கால எதிரிகளான நெடுவாக்குடிக்காரர்களையும் கூப்பிட்டுவிட்டார். நாற்பதைத் தாண்டிய யாரும் ஆடலாம் என்பது விதி. இந்த விதியை அவரே போட்டார், பின்னால் அவருக்கே வினையானது.

முதல் நாள் பயிற்சியிலேயே லூர்துராஜ் எகிறினார். எகிறினார் என்று அவர் சொன்னார். பார்த்தவர்களுக்குக் குதிகால் மட்டும் தெரிந்தது. இறங்கும்போது முட்டி பிசகி, அவருடைய தச்சுப் பட்டறைக்குப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

ஆறில் ஒன்று குறைந்தது. அதோடு துரைராசுவுக்கு ஒரு பயமும் வந்தது. இந்த லட்சணத்தில் ஊர் முன்னால் நின்று தோற்றால், ஆல் ஸ்டார் என்ற சொல்லுக்கு இன்னும் என்னென்ன அர்த்தம் வருமோ. வெளியிலிருந்து ஒரே ஒரு நல்ல ஆளைக் கொண்டுவரலாம் என்று கிளமென்டிடம் யோசனை கேட்டார். கிளமென்ட் கொஞ்ச நேரம் மதகுக்குக் கீழே ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன்னிடம் படித்த பிரபு என்பவனின் நம்பரைக் கொடுத்தார். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், பல்கலைக்கழக அணியில் ஆடியவன், போன மாசம்தான் நாற்பது முடிந்தது என்றார்.

பிரபு வந்தான். பனைமரத்துக்குக் கை முளைத்த மாதிரி இருந்தான். அவன் அடித்த முதல் பந்தை வாங்கக் கையை நீட்டிய மீரா உசேனின் மூக்குக்கண்ணாடி அடுத்த கொல்லையில் போய் விழுந்தது. கூத்தாநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மீரா உசேன் பெரிய மனுஷர், கோபப்படத் தெரியாதவர். கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடையில் பொங்கல் வியாபாரம் இருப்பதை இப்போதுதான் நினைத்துக்கொண்டவர் போல ஸ்கூட்டரை எடுத்தார்.

அவர் இடத்துக்குப் பிரபு ஒரு நண்பனைக் கூட்டிவந்தான். நண்பன் பிரபுவைவிட உயரம். இந்த இரண்டு பேருக்கு நடுவில் நிற்க இளஞ்செழியனுக்கு ரோஷமாக இருந்தது. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவர், நான் என்ன திருஷ்டி பொம்மையா என்று கேட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்த இடத்துக்கும் ஒரு நண்பன் வந்தான்.

அடுத்தது காத்தான். காலனி டீமிலிருந்து அன்று வந்த ஒரே ஆள். வெளியில் துரைராசுவை "வாங்க, போங்க" என்று பேசுகிறவர், கோட்டுக்குள் கால் வைத்தால் மட்டும் "டேய் துரை" என்பார். கிளமென்டைத் தவிர, துரைராசுவை அப்படிக் கூப்பிட ஊரில் வேறு ஆள் இல்லை, அதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு. இப்போது காத்தான் வரப்பில் நின்றபடியே, சம்பா அறுக்க மெஷின் வருகிறது, தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்றார். "வாங்க, போங்க" என்றுதான் சொன்னார். துரைராசுவுக்கு அது என்னவோ போல் இருந்தது. இருந்தாலும் ஆட்டம் நெருங்கிவிட்டதே என்று, அந்த இடத்துக்கும் ஒருவனைக் கொண்டுவரச் சொன்னார்.

இப்போது மிச்சம் துரைராசுவும் கிளமென்டும்தான். பந்தைத் தூக்கிக் கொடுப்பவர் கிளமென்ட், அடிப்பவர் துரைராசு. அது போதும் என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது பிரபு வந்து தயங்கித் தயங்கி ஒரு கண்டிஷன் போட்டான். தங்களுக்குத் தூக்கிக் கொடுக்கத் தங்கள் ஆள்தான் வேண்டும், இல்லையென்றால் தாங்கள் நாலு பேரும் விலகிக்கொள்கிறோம் என்றான்.

அன்று முழுக்க துரைராசு சாப்பிடவில்லை. மனைவி ராஜாத்தி சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"யாருக்காக ஆட்டம் வச்சீங்க?"

"கிளமென்டுக்காக."

"அப்ப அவரையே வெளிய நிறுத்தப்போறீங்க. நல்லா இருக்குங்க உங்க ஆல் ஸ்டார்."

பிரபுவை அனுப்பிவிடலாம். ஆனால் பழைய ஆட்களெல்லாம் ஆளுக்கொரு பக்கம் போயாகிவிட்டது. நெடுவாக்குடிக்காரர்கள் வந்து நிற்கும்போது இரண்டு பேர் மட்டும் நின்றால் கிளமென்டுக்குத்தான் அவமானம் என்று துரைராசு தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினார். மறுநாள் மதகுக்குப் போனார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நெல் விலையிலிருந்து ஆரம்பித்து, மழையைப் பற்றிப் பேசி, கனடாவில் குளிர் எப்படி என்று விசாரித்து, கடைசியில் ஒரு வழியாகச் சொல்லி முடித்தார்.

"அதுக்கென்னடா துரை. ஆட்டம் நல்லா இருந்தா சரி. நான் ஓரமா நாற்காலி போட்டு உக்காந்து பாக்குறேன்," என்றார் கிளமென்ட்.

கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது துரைராசுவை வதைத்தது. ஆடிய காலமெல்லாம் தனக்குப் பந்து தூக்கிக் கொடுத்த கையை இப்படி வெறுமனே மடியில் வைத்துக்கொள்ளச் செய்துவிட்டோமே என்று, வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதார்.

காணும் பொங்கல் வந்தது. மாதா கோயில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கரும்புத் தோகையில் தோரணம் கட்டி, மைக் செட்டும் வைத்தாயிற்று. டெம்போவில் பிரபுவின் ஆட்கள் இறங்கினார்கள். துரைராசு எண்ணிப் பார்த்தார், ஆறு பேர் இருந்தார்கள்.

"ஆறாவது ஆள் எதுக்கு தம்பி? நான் இருக்கேனே."

பிரபு தலையைச் சொறிந்தான். "அண்ணே, நீங்க மேனேஜரா இருங்க. உங்க அனுபவத்துக்கு வெளியிலேர்ந்து சொன்னாலே போதும்."

ஒரு தொப்பியை வேறு தலையில் மாட்டிவிட்டான். ஆல் ஸ்டாரின் முதல் கேப்டன் தொப்பியோடு கோட்டுக்கு வெளியே நின்றார். ஆலங்கொல்லை என்று எழுதிய பனியன் போட்டு உள்ளே நின்ற ஆறு பேரில் ஒருவனுக்கும் ஆலங்கொல்லையில் எது எந்தத் தெரு என்று தெரியாது.

நெடுவாக்குடி வேன் வந்தது. உள்ளே இருந்த கிழவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். பிரபு சும்மா உடம்பைச் சூடேற்றுவதற்காக ஒரு பந்தை அடித்தான். அது தரையில் பட்டு எழும்பி மைக் செட்டுக் குழாயைச் சாய்த்தது. வேனிலிருந்து இறங்கிய நெடுவாக்குடி கேப்டன் நேராகக் கரும்பு வைத்திருந்த இடத்துக்குப் போய் ஒரு துண்டை உரித்துக்கொண்டே, தாங்கள் ஆட வரவில்லை, பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று அறிவித்தார். அவர் அணியும் ஆளுக்கொரு கரும்போடு வரிசையாக உட்கார்ந்துவிட்டது.

மைதானம் நிறைந்த கூட்டம் இருந்தது, எதிர்ப்பக்கம் நிற்கத்தான் ஆள் இல்லை. மைக் பிடித்தவன் அழைத்துப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். துரைராசுவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அப்போது நாற்காலியிலிருந்து கிளமென்ட் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், வலைக்கு அருகில் தன் பழைய இடத்தில் நின்றார். கூட்டத்திலிருந்து மீரா உசேன் வந்தார், மூக்குக்கண்ணாடியை நாடாவால் தலையோடு கட்டியிருந்தார். முட்டியில் துணி சுற்றிய லூர்துராஜ் நொண்டிக்கொண்டு வந்தார். மாமியார் வீட்டிலிருந்து இளஞ்செழியனும், அறுப்பு வயலிலிருந்து தலையெல்லாம் வைக்கோல் தூசியோடு காத்தானும் வந்து நின்றார்கள். ஐந்து பேரும் திரும்பித் துரைராசுவைப் பார்த்தார்கள்.

அவர் கால் நகரவில்லை. எந்த முகத்தோடு போவது என்று நின்றார்.

"டேய் துரை," என்று கத்தினார் காத்தான். "தொப்பிய கழட்டிட்டு வாடா."

துரைராசு ஓடினார்.

ஆட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று செட்டிலும் மண்ணைக் கவ்வினார்கள். லூர்துராஜ் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை, பந்துதான் அவரைத் தேடி வந்து இடித்துவிட்டுப் போனது. இளஞ்செழியன் ஒருமுறை வலையிலேயே மாட்டிக்கொண்டார், அவரைப் பிரித்தெடுக்க இரண்டு பக்கத்து ஆட்களும் தேவைப்பட்டார்கள். நெடுவாக்குடிக் கிழவர்கள் கரும்புச் சக்கையைத் துப்பக்கூட மறந்து சிரித்தார்கள். கடைசி செட்டில் ஒரே ஒரு தடவை மீரா உசேன் பந்தைச் சரியாக வாங்கினார், கிளமென்ட் பின்னால் திரும்பிப் பார்க்காமலேயே தூக்கினார், அது எங்கே வரும் என்று யோசிக்காமலேயே துரைராசு எகிறினார். பந்து பிரபுவுக்கும் அவன் நண்பனுக்கும் நடுவில் போய் விழுந்தது. கூட்டம் எழுந்து நின்றது. ஆறு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நடுக்கோட்டில் குதித்தார்கள், தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. ஓரத்தில் நின்ற ராஜாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கிளமென்டைச் சுற்றி நாலு தெரு ஜனமும் உட்கார்ந்திருந்தது. துரைராசு மட்டும் பிரபுவை வழியனுப்ப டெம்போ வரைக்கும் வந்தார். அவனுக்கு வாழைத்தாரும் கரும்புக் கட்டும் ஏற்றிவிட்டார், தோளில் தட்டிக்கொடுத்தார். ஆனாலும் ஒன்று அவர் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எங்களையெல்லாம் தள்ளினது கூடப் பரவாயில்ல. உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மனுஷன், ஊரை விட்டே போறவரு. அவரை வெளிய நிறுத்தணும்னு கண்டிஷன் போட்டீங்க பாருங்க, அது எனக்கு ஆறவே இல்ல."

பிரபு டெம்போவில் ஏறி உட்கார்ந்து, கிளமென்ட் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் கண்டிஷனைப் போடச் சொன்னதே கிளமென்ட் சார்தாண்ணே. 'துரை ஒரு ஆளை வெளியிலேர்ந்து கொண்டாந்தா அதோட நிறுத்த மாட்டான், நீ ஒருத்தரையும் மிச்சம் வைக்காம ஆறு பேரையும் வெளிய தள்ளிடு, உங்களைப் பாத்தா நெடுவாக்குடிக்காரன் ஆட மாட்டான், அப்பத்தான் நாங்க ஆறு பேரும் ஒரே பக்கம் நிப்போம்'னாரு."