சாக்கர் அண்ணாவின் இரண்டு டப்பாக்கள்

புனே முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், சீனியோடு ‘காய்’ விட்ட மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். சிஞ்ச்வட்டில் நாங்கள் வேலை பார்த்த திசு வளர்ப்புக் கூடத்தில் அவர் பெயர் ‘சாக்கர் அண்ணா’. சாக்கர் என்றால் மராத்தியில் சர்க்கரை. தெற்கிலிருந்து வந்த எவனும் அங்கே அண்ணா. திருநெல்வேலிக்காரர் என்பதால் எனக்கு மட்டும் அண்ணாச்சி.

பாட்டிலுக்குள் செடி வளர்ப்பது எங்கள் பிழைப்பு. முக்கால்வாசி வாழை. ஒரு மூலையில் அண்ணாச்சியின் சீனித்துளசி. அதன் இலையை மென்றால் சீனி தோற்கும். ஆனால் கடைசியில் நாக்கில் ஒரு கசப்பு நிற்கும். அண்ணாச்சி வயல் வயலாக ஆடு மாதிரி மேய்ந்து, கசப்பே இல்லாமல் இனிப்பை வாரித் தரும் ஒரே ஒரு செடியைக் கண்டுபிடித்தார். அதன் துளிரைக் கிள்ளிப் பாட்டில்களில் பெருக்கினார். அந்த வருஷ மழைக்குத் தாய்ச்செடி வேர் அழுகிச் செத்துப்போனது. மிச்சம் பாட்டிலில் இருந்தவைதான். “இதுவும் போச்சுன்னா மூலையைக் காலி பண்ணு, அங்கேயும் வாழை வச்சுக்கலாம்” என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இந்த நேரம் பார்த்து அண்ணாச்சிக்கே சர்க்கரை வியாதி! டாக்டரிடமிருந்து நேரே வந்தவர் மார்க்கரை எடுத்தார். லேப் அலமாரியில் இருந்த சீனித்துளசிப் பொடி டப்பாவில் ‘சீனி’ என்று எழுதினார். நிஜச் சீனி டப்பாவில் ‘விஷம்’.

“என்ன அண்ணாச்சி இது?”

“இனிமே நமக்கு இதாம்ல சீனி. அந்தப் பய மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

முழிக்காமல் எப்படி? பாட்டில் குருத்துக்குத் தானாகச் சமைத்துச் சாப்பிடத் தெரியாது. நாம் காய்ச்சி ஊற்றும் கூழில் நிஜச் சீனி இருந்தால்தான் பிழைக்கும். சீனிக்கே மாற்று தரும் செடிக்குச் சாப்பாடு சீனி! ஆகவே ஒவ்வொரு முறையும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டுதான் விஷ டப்பாவைத் திறப்பார்.

ஒருநாள் கூழ் காய்ச்சும்போது வீட்டிலிருந்து போன். தண்ணீர் டேங்கர் வரவில்லையாம். உடனே டேங்கர்காரனைக் கூப்பிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “பானி கப் ஆயேகா வே? ஹம் குளிக்கிறது கைசா?” என்று தண்ணீர் வரும் நேரம் கேட்டு மல்லுக்கு நின்றபடியே ‘சீனி’ டப்பாவைக் கவிழ்த்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை.

கொஞ்ச நாளில் குருத்துகள் மஞ்சளாகிச் சுருண்டன. அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. “கண்ணு பட்டுட்டுல” என்று லேப் வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

உண்மை டீ நேரத்தில் வெளிவந்தது. டீக்கென்று பையில் வைத்திருந்த பொட்டலம் தீர்ந்து, ‘சீனி’ டப்பாவைத் திறந்த அண்ணாச்சி அது காலியாக இருப்பதைப் பார்த்து அலறினார்.

“எவம்ல என் சீனியத் தின்னது?”

“ஸ்பூன் நுனியில தொட்டாலே தெவிட்டும் அண்ணாச்சி. டப்பாவோட எவன் தின்பான்?”

டப்பாவைப் பார்த்தார். பாட்டில்களைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“பட்டினி போட்டுட்டேனேல. இனிப்பா ஊத்திட்டேன், வயித்துக்கு ஒண்ணுமே ஊத்தலையே!”

அடுத்த நிமிடம் எழுந்து விஷ டப்பாவை இரண்டு கையாலும் தூக்கினார். புதுக் கூழ் காய்ச்சினார். கொஞ்சமாவது பச்சை மிஞ்சியிருந்த குருத்துகளைப் பொறுக்கி நட்டார். மாஸ்க்குக்குள் முனகல் கேட்டது. “தின்னு தாயி. ஒனக்கு ஆவும். எனக்குத்தான் ஆவாது.”

நிறைய செத்தன. சில பாட்டில்களில் மட்டும் துளிர் எட்டிப்பார்த்தது. அவை பெருகி, மண்ணுக்கு மாறி, தட்டுத் தட்டாக ஒரு விவசாயியின் வயலுக்கு டெம்போ ஏறின. அண்ணாச்சி பதமாக அடுக்கியதைப் பார்த்து டிரைவர் கேட்டார்: “க்யா ஹை அண்ணா, அண்டா?” முட்டையா என்று கேட்கிறார்.

“அண்டா நஹி வே, பச்சே! பச்சே ஹை! தீரே ஜாவ்!” மெதுவாகப் போகச் சொல்லி, வண்டி தெருமுனை திரும்பும்வரை அண்ணாச்சி பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார்.

பச்சே என்றால் இந்தியில் பிள்ளைகள். என் தமிழ்க் காதில் அது பச்சை என்றும் விழுந்தது. மூச்சிரைக்கத் திரும்பி வந்த அந்த மனுஷனை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு.